மாட்டுப்பட்டி நின்ற இடம்

போன கிழமை ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு கடதாசி உறையில் பத்து விற்றமின் சீ குளிசைகள் கொடுத்தார்கள். செம்மஞ்சள் நிறம். வாயில் போடுமுன்பே நாவில் புளிப்பு ஊறும் சாதி. நான் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் வைத்து நசுக்கிப் பார்த்தேன். நன்றாகத் தூளாகிறதா என்று பார்க்கும் பழைய பழக்கம். மருந்து கொடுத்த பிள்ளை என் வாயைப் பரிதாபத்தோடு பார்த்தாள். "பல்லு ஏலாதெண்டால் தண்ணியில கரைச்சுக் குடியுங்கோ ஐயா" என்றாள். என் பல் எல்லாம் என்னுடையவைதான் என்று அவளுக்கு விளக்கப் போனால் பின்னால் நின்ற வரிசை என்னை அடித்திருக்கும்.

செம்மஞ்சள் குளிசை எங்கள் வேலைக்கு உதவாது. சாயம் முடிவைக் கெடுத்துவிடும். வெள்ளைக் குளிசைதான் வேண்டும். மன்னார்த் தீவின் உப்புக்குளத்தில், வாடகை வீடொன்றின் குசினியாக இருந்து ஆய்வுகூடமாகப் பதவி உயர்வு பெற்ற அறையில், நான் மண் பரிசோதித்த காலத்தில், விவசாயக் கந்தோரிடம் அஸ்கோபிக் அமிலம் கேட்டால் மூன்று படிவம் நிரப்ப வேண்டும். படிவங்களை நான் பிழையில்லாமல் நிரப்புவேன். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. அமிலம் மட்டும் வராது. அஸ்கோபிக் அமிலமும் விற்றமின் சீயும் ஒன்றுதான் என்பதால், மருந்தாளராக இருந்த ஒரு நண்பரிடம் போய் இருமிக் காட்டுவேன். அவரும் இருமலைப் பற்றி ஒன்றும் கேட்காமல் ஒரு பட்டை குளிசை தருவார்.

எதற்கு என்று கேட்பீர்கள். மண்ணில் பொஸ்பரசு இருக்கிறதா என்று பார்க்க. மண்ணில் மொலிப்டேற்றுக் கரைசல் இரண்டு துளி, பிறகு இந்தக் குளிசைத் தண்ணீர் இரண்டு துளி. பொஸ்பரசு இருந்தால் நீலம் வரும். கூட இருந்தால் கடும் நீலம். அவ்வளவுதான் வித்தை. வயலுக்கு எவ்வளவு பசளை போடலாம் என்று சொல்ல நாங்கள் அந்த நீலத்தைப் பார்த்தோம். ஆஸ்பத்திரிக்காரர் இரத்தத்தில் அதே நீலத்தைப் பார்த்தார்கள். குளத்துத் தண்ணீர் ஏன் பச்சை பிடிக்கிறது என்று ஆராய்ந்தவர்களும் அதையே பார்த்தார்கள். நாலு சகோதரர் ஒரு நல்ல சட்டையை மாறி மாறிப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போவதுபோல. ஆனால் ஒருவரும் மற்றவரோடு பேசமாட்டார்கள். சட்டை தன்னுடையது என்றுதான் ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

நாலாவது சகோதரனை எனக்குத் தெரியவந்தது ஒரு தற்செயல். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருக்கேதீஸ்வரம் பக்கம் நிலம் தோண்டிய ஒரு தொல்லியல் குழு மண் பரிசோதிக்க ஆள் கேட்டது. மண்வெட்டியை இரவல் கொடுப்பதுபோல மேலதிகாரி என்னைக் கொடுத்தார். திரும்பக் கேட்க மறந்துவிட்டார் என்றும் நினைக்கிறேன். அங்கே தலையில் துவாய் கட்டிக்கொண்டு குழிக்குள் நின்ற ஒருவர், மண்ணைக் கட்டம் கட்டமாக எடுத்து நீலம் பார்க்கச் சொன்னார். "நெல்லு விதைக்கப் போறியளோ?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சனமும் மாடும் இருந்த இடத்தில் சாணமும் சாம்பலும் எலும்பும் சேரும், அதிலிருந்து வரும் பொஸ்பரசு மண்ணில் ஒட்டினால் மழை கழுவினாலும் இலேசில் போகாது, வீடு போனாலும் வீட்டின் நிழல் நீலமாக மண்ணில் கிடக்கும் என்றார். பசளைக்காரனான எனக்கு அது புதினம். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு சண்டைக் காலம். யாருக்கு அந்த நினைவு?

யுத்தம் முடிந்து சனம் திரும்பத் தொடங்கியபோது எனக்கு ஓய்வூதியத்துக்குச் சில வருடங்களே இருந்தன. அடம்பன் பக்கத்து வயல்களை மறுபடி விதைக்க வேண்டும், மண்ணைப் பார் என்று அனுப்பினார்கள். தீவிலிருந்து பாலம் கடந்து கந்தோர் மோட்டார் சைக்கிளில் போய், பைபையாக மண் அள்ளிக்கொண்டு திரும்புவேன். சோதனைச் சாவடியில் ஒரு சிங்களச் சிப்பாய் நாள்தோறும் எல்லாப் பையையும் அவிழ்த்துப் பார்ப்பான். ஒருநாள் தனக்குத் தெரிந்த தமிழில், "மாத்தயா, நாடு கொஞ்சம் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டு போறது?" என்றான். நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் பைகளை அவிழ்க்கவில்லை.

அடம்பனுக்கு அப்பால் ஒரு சின்னக் குடியிருப்பு. கண்ணிவெடி அகற்றி முடித்த நிலத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் தறப்பாள் கொட்டில்களில் இருந்தன. வீடு, வேலி, கிணறு ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் ஏதோ ஓர் இயந்திரம் தள்ளி மட்டமாக்கி, அதன்மேல் பத்தை வளர்ந்திருந்தது. அங்கேதான் பார்வதியைச் சந்தித்தேன். நாற்பது வயதிருக்கும். தகப்பனும் தாயும் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து அந்தக் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள். அவள் வளர்ந்தது, கலியாணம் செய்தது எல்லாம் அதே வளவில். புருசன் அடம்பன் அரிசி ஆலையில் நாட்கூலி. காணி உறுதிப் பத்திரம் என்ற சாமானை அந்தக் குடும்பம் கண்ணால் கண்டதில்லை.

உறுதி வைத்திருந்தவர் அருளம்பலம் மாஸ்டர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பக்கத்துக் காணிக்காரர். சண்டை தொடங்குமுன்பே யாழ்ப்பாணம் போய்விட்டவர், இப்போது திரும்பியிருந்தார். பார்வதி கொட்டில் போட்ட இடமும் தன் உறுதிக்குள்தான் வருகிறது என்றார். மற்றக் குடும்பங்களுக்கு எதிராளி இல்லை. இவளுக்கு மட்டும் இருந்தார். வெள்ளிக்கிழமை காணி அலுவலர் வந்து விசாரிப்பார். இடம்பெயருமுன் அங்கே குடியிருந்ததை அவள் நிரூபிக்காவிட்டால் வீட்டுத்திட்டப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

"நான் பொய் சொல்லேல்லை பிள்ளை. எனக்குத் தெரிய அது பத்தைக்காடு" என்றார் மாஸ்டர்.

"நீங்கள் போனாப் பிறகுதான் மாஸ்டர் அப்பா வெட்டினவர். றோட்டுக்கரையில பட்டி கட்டி பதினாலு மாடு வச்சிருந்தனாங்கள்."

"பதினாலு மாட்டையும் கூட்டிக்கொண்டு வா, சாட்சி சொல்லட்டும்."

நான் ஒரு ஓரமாக அவள் தந்த வெறுந்தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தவன். வாயை மூடிக்கொண்டு குடித்திருக்கலாம். அறிவு உள்ளே இருந்து கடித்தது. "மாடு வரத் தேவையில்லை. மாடு நிண்ட இடத்தை மண் மறக்காது. நீலமாக் காட்டும்" என்று சொல்லிவிட்டேன். மாஸ்டர் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். "நிறுவலோ?" என்றார். "நிறுவல்தான்" என்றேன்.

அடுத்த நாள் காலை அந்த ஊருக்குள் திரும்பியபோது மணம்தான் முதலில் வரவேற்றது. தெருவில் ஒரு சாணி இல்லை. அவ்வளவு துப்புரவான தெருவை நான் மன்னாரில் கண்டதில்லை. சாணி முழுவதும் வளவுகளுக்குள் இருந்தது. உறுதி இல்லாத ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தில் அள்ளிப் போட்டு, தண்ணீரும் தெளித்திருந்தது. யாருடைய மாட்டின் சாணி யாருடைய வளவில் என்று இரண்டு பெண்கள் சண்டை.

"என்ர மாடு போட்டதை அள்ளி உன்ர பரம்பரை ஆக்கப் பாக்கிறியோடி?"

"உன்ர மாடு என்ர பூசணியைத் திண்டுதானே போட்டது! அப்ப அது என்ர தான்!"

மாஸ்டரின் காணியிலும் இரண்டு உரப்பை ஆட்டுப்புழுக்கை கொட்டிக் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். "அது... செம்பரத்தைக்கு" என்றார். செம்பரத்தை ஒன்றையும் காணவில்லை.

நேற்றுப் போட்ட சாணி ஒரே இரவில் கீழே இறங்காது. மேல்மண்ணை வழித்துத் தள்ளிவிட்டு, ஒன்றரை அடி ஆழத்தில் துளைத்து எடுத்தேன். ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு இடம், ஒவ்வொன்றிலும் இலக்கமிட்ட ஒரு தடி. றோட்டுப் பக்கம் முதல் வரிசை, ஒவ்வொரு வரிசையும் மாஸ்டரின் காணிப் பக்கத்திலிருந்து. மேசை மேல் வடிதாள்களைப் பரப்பி ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை மண் வைத்தேன். ஊர் முழுவதும் சுற்றி நின்றது. மாஸ்டர் காதில் பென்சிலும் கையில் கொப்பியுமாக, என் முடிவுகளைத் தானும் பதிவதாகச் சொன்னார். நல்ல நடைமுறை. மறுக்க முடியவில்லை.

ஒன்று முதல் ஆறுவரை வெள்ளை. ஏழு கடும் நீலம்.

"பாத்தியளே! சொன்னனெல்லோ, றோட்டுக்கரை!" என்று பார்வதி கையைத் தட்டினாள். எட்டு வெள்ளை. ஒன்பது வெள்ளை. பத்தும் வெள்ளை. மாஸ்டர் எழுதிவிட்டு நிமிர்ந்து, "பதினாலு மாடும் ஒரு தடியில நிண்டதோ?" என்றார். ஊர் சிரித்தது. நானும் என் பங்குக்கு, "ஒரு கண்டுக்குட்டி மட்டும் நிண்டிருக்கும்" என்றேன். அந்த வார்த்தையை விழுங்க முடியுமானால் இன்றைக்கும் விழுங்குவேன்.

பார்வதியின் முகம் சுருங்கிவிட்டது. நடு வரிசைகளில் ஒன்றிரண்டு மங்கிய நீலம், அவ்வளவுதான். ஆனால் கடைசி இரண்டு வரிசைகளில், மாஸ்டருக்கு எதிர்ப்பக்க மூலையில், தாள் தாளாக நீலம் பூத்தது. பக்கத்துப் பக்கத்தாக ஆறு தாள். மைக்கூடு கவிழ்ந்ததுபோல.

"அய்யய்யோ, அங்கிட்டா?" என்றாள் பார்வதி. திடுக்கிட்டால் அவளுக்குத் தாயின் மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும். எழும்பி ஓடி, பின்பக்கப் பத்தைக்குள் புகுந்து காலால் தட்டிப் பார்த்தாள். பத்தைக்கடியில் பழைய வண்டிப்பாதையின் கல் கிடந்தது. இப்போதைய கிறவல் றோட்டு, சண்டைக்குப் பிறகு வளவின் மறுபக்கத்தால் போட்டது. றோட்டை வைத்து நிலத்தை அறிந்திருந்தவள், புது றோட்டைப் பழையதென்று நினைத்து வளவு முழுவதையும் தலைகீழாக ஞாபகம் வைத்திருந்தாள்.

பிறகு அவள் நடந்த நடையை நான் மறக்கவில்லை. பட்டி மூலையில் நின்று, பதினெட்டு எட்டு எண்ணி, "இஞ்ச அடுப்படி" என்றாள். மங்கிய நீலம் வந்த தடி அது. தோண்டினால் கரியும் சாம்பலும் வந்தன. மாஸ்டர் குனிந்து கரியைத் தொட்டு, "ம்" என்றார். "மண் சொல்லுது. நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனால் சேர், நீலம் உள்ள மட்டும்தான். அதுக்கங்கால என்ர காணி." கணித ஆசிரியர் பேச்சு. அதுவும் நியாயம்தான்.

பார்வதி அடுப்படியிலிருந்து இன்னும் எண்ணிக்கொண்டு நடந்தாள். வீடிருந்த இடத்தின் பின்பக்கமாக, கோடிப்புறம் போய், ஏழாம் தடிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"சேர், அந்த ஏழாம் நம்பரை எழுதாதேங்கோ."

"ஏன்? உனக்கு அதுவும் சாட்சியெல்லோ. எழுதாட்டில் அந்தத் துண்டு மாஸ்டர் பக்கம் போயிடும்."

"போனால் போகட்டும். மூத்த பிள்ளை, பிறந்து ஏழாம் நாள் போனது. கோடிக்குள்ளதான் குழி வெட்டித் தாட்டனாங்கள். வந்த நாள் துடக்கம் நான் அங்கால எண்டெல்லோ நினைச்சுக் கும்பிட்டனான்." வளவின் மறுபக்கத்தைக் காட்டினாள். "அவளைச் சாட்சிக்குக் கூப்பிடாதேங்கோ சேர்."

பரிசோதித்து மிஞ்சிய மண்ணை இலக்கமிட்டு, குறித்த காலம்வரை பாதுகாக்க வேண்டும் என்பது விதி. முப்பது வருடத்தில் நான் மீறாத விதி. ஏழாம் பையை எடுத்து அவளிடம் கொடுத்தேன். தாளையும் கொடுத்தேன்.

அறிக்கையை எழுதி முடித்தபோது மாஸ்டர் தன் கொப்பியோடு ஒப்பிட வந்தார். "சேர், ஏழு விடுபட்டிருக்கு. என்னட்டைக் கடும் நீலம் எண்டு கிடக்கு."

"அது பிழைச்சுப் போச்சு மாஸ்டர். கணக்கில எடுக்கேலாது" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் உத்தியோகத்தோரணையில் வந்தது. மாஸ்டர் என்னைத் தாண்டிப் பார்த்தார். பார்வதி ஏழாம் தடியைப் பிடுங்கிவிட்டு, குந்தியிருந்து, பைமண்ணைத் துளைக்குள் கொட்டி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அதன் பின்பக்க அழிறப்பரால் கொப்பியில் ஒரு வரியை அழித்தார். தூளை ஊதிவிட்டு, கொப்பியை மூடினார்.

வெள்ளிக்கிழமை காணி அலுவலர் என் அறிக்கைப்படி நீலம் வந்த மட்டும் அவளுக்கென்று எல்லைக் கட்டை அடிக்கச் சொன்னார். கட்டையில் முதல் அடி விழுமுன் மாஸ்டர் கையைத் தூக்கினார்.

"உந்தக் கட்டையை என்ர பக்கம் தள்ளி, அந்த வேப்பங்கண்டுக்கு நேரை அடியுங்கோ."

"ஏன் மாஸ்டர், உங்கட காணியெல்லோ குறையுது?" என்றார் அலுவலர்.

"என்ர அளவையில ஒரு பிழை விட்டிட்டன்" என்றார், முப்பது வருடம் பிள்ளைகளின் பிழைகளைத் திருத்தியவர். கட்டை ஏழாம் இடத்துக்கு அப்பால், ஐந்தாறு எட்டுத் தள்ளி இறங்கியது.

மாஸ்டர் இப்போது இல்லை. எங்கள் குசினி ஆய்வுகூடம் மறுபடி குசினியாகிவிட்டது. அந்த வீட்டுக்காரி அங்கே மீன் பொரிக்கிறாள். பதிவேடுகளைக் கறையான் வாசித்து முடித்துவிட்டது. மண் இப்போது தூரத்து ஊரிலுள்ள பெரிய ஆய்வுகூடத்துக்குப் போகிறது. சென்ற வருடம் ஒரு அலுவலாய்ப் போனபோது அங்குள்ள இயந்திரத்தை எனக்குக் காட்டினார்கள். கரைசல்களைத் தானே உறிஞ்சி, தானே கலந்து, தானே அளந்து, திரையில் எண்களாகத் தருகிறது. நீலம் உள்ளே எங்கோ ஒரு குழாய்க்குள் வந்து போகிறதாம். யாரும் பார்ப்பதில்லை.

"இதில ஒரு இலக்கத்தை விட்டிட்டு அறிக்கை எடுக்கலாமோ பிள்ளை?" என்று அங்கே வேலை செய்த பெண்ணிடம் கேட்டேன்.

"ஏலாது ஐயா. ஒண்டு வெறுமையாக் கிடந்தாலும் அந்தக் கட்டம் சிவப்பாகும். பிறகு அறிக்கையே வராது" என்றாள் பெருமையோடு.

நல்ல ஏற்பாடுதான். நான் வேலையில் இருந்திருந்தால் நானே அப்படித்தான் கேட்டு எழுதியிருப்பேன், மூன்று படிவத்தில். திரையில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒன்றும் விடுபடாமல், இறங்கிக்கொண்டிருந்தன.