சக்கரை ரெண்டு கப்

தீபாவளிக்கு முதல் நாள் காலை ஏழு மணிக்குப் புறக்கோட்டையில் கேகாலை பஸ் ஏறினேன். மடியில் பலகாரம் இல்லை. என் சித்தி மகள் புஷ்பா முன்கூட்டியே கட்டளை போட்டிருந்தாள்: "அக்கா, கொழும்புலருந்து ஒண்ணும் வாங்கிட்டு வராதீங்க. இந்த வருசம் எல்லாம் என் கையாலதான்." அவளுடைய மகள் தாரணிக்கு இது தலைத் தீபாவளி. மாப்பிள்ளை முதல் தடவையாக ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், தங்கப் போகிறார்.

கேகாலை வரை எழுபத்தெட்டுக் கிலோமீற்றர். நிட்டம்புவ தாண்டியதும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அதற்காகவே காத்திருந்தவர் போல டிரைவர் பாட்டைப் போட்டார். காதலி போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்று சிங்களத்தில் ஒருவர் உருகினார். அடுத்த பாட்டிலும் அவள் வரவில்லை. வரக்காப்பொலயில் பொறுக்க முடியாமல், கொஞ்சம் சந்தோசமாக ஏதாவது போடக் கூடாதா என்று கண்டக்டரிடம் கேட்டேன். "வெஸ்ஸட்ட மேவா தமய், மிஸ்" என்றார். மழைக்கு இதுதான் என்று அர்த்தம். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்து ஆளுக்கொரு போனைத் தடவிக்கொண்டு வந்ததால், காதலி போனதற்கு நான் ஒருத்தி மட்டுமே துக்கம் காத்தேன்.

கேகாலையில் பஸ் மாறினேன். இருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், வளைவுக்கு வளைவு ரப்பர் மரங்கள். புளத்கொகுபிட்டியவிலிருந்து தோட்டத்துக்கு த்ரீவீல். எண்ணூறு கேட்டவர், மழையைக் காட்டி ஆயிரம் ஆக்கினார். பாதை அந்த அழகில் இருந்ததால் பேரம் பேச எனக்கே மனம் வரவில்லை.

லயத்தில் இறங்கும்போதே நெய் வாசனை வந்தது. மழை என்றால் ரப்பர் பால் வெட்டு இல்லை. பால் வெட்டும் புஷ்பா அன்று முழுக்க அடுப்படியில்தான். முறுக்கு ஒரு டின் நிறைய இருந்தது. ஆனால் அவளுடைய முகம் சரியில்லை.

"அக்கா, நாசமாப் போச்சு. இத வந்து பாருங்க."

தட்டில் கறுப்பாக, பளபளவென்று ஏதோ பரப்பியிருந்தது. விரலால் தொட்டேன், விரலோடு வந்தது. "என்ன புள்ள இது?" என்றேன்.

குரலைத் தாழ்த்தி, "மைசூர்பாகு" என்றாள்.

கதை இதுதான். கேகாலைக் கடைவீதியில் கடை வைத்திருக்கும் சம்பந்தியம்மா, கல்யாணப் பந்தியில் பேச்சுவாக்கில் ஒன்று சொல்லியிருந்தார். "எங்க வீட்டுல மைசூர்பாகு இல்லாம தீபாவளி விடியாது. தோட்டத்துல முறுக்கு, பணியாரத்தோட முடிச்சிருவீங்க, இல்ல?" அவர் மறந்திருப்பார். இவள் ஐந்து மாதமாக அதை மென்றுகொண்டிருந்தாள். போனில் ஒரு சமையல் வீடியோவைத் தேடிப் பிடித்தாள். அடுப்படியில் சிக்னல் ஒரு கோடுதான். படம் அப்படியே நின்றுவிட, குரல் மட்டும் வந்திருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கிண்டியிருக்கிறாள்.

எனக்கும் போட்டுக் காட்டினாள். சென்னைப் பெண் ஒருத்தி குயில் மாதிரிப் பேசினாள்: "கடலமாவு ஒரு கப், நெய் ரெண்டு கப், சக்கர ரெண்டு கப்..."

"நிப்பாட்டு. சக்கரைக்கு நீ என்ன போட்ட?"

"சக்கரதான். நல்ல கித்துள் சக்கர. கித்துள் காய்ச்சுற குசுமாகிட்ட சொல்லி வெச்சு வாங்குனேன்."

எனக்கு வந்த சிரிப்பில் முக்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இலங்கையில் நமக்கு வெள்ளையாக இருப்பது சீனி. சக்கரை என்றால் பொங்கலுக்குப் போடுகிற கறுத்த கட்டி; கித்துள் என்கிற பனையின் பதநீரைக் காய்ச்சி எடுப்பது. சென்னையிலோ சீனிக்கே சக்கரை என்றுதான் பேர். ஒரு தடவை அங்கே போனபோது, தேநீருக்குச் சீனி கேட்டு நான் விழித்தது எனக்கல்லவா தெரியும்! சொன்னேன். புஷ்பா சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. "ஒரே தமிழ்னு நம்பித்தானேக்கா போட்டேன்" என்றாள்.

தட்டோடு கொட்டக் கிளம்பியவளை வாசலில் மறித்தவள் பக்கத்து வீட்டுக் காம்பறாவுக்கு விருந்தாளியாக வந்த கித்துள்கார குசுமா. கேட்காமலே ஒரு விள்ளல் வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். "அம்மோ, மேக்க மார ரசய்!" என்றாள். இன்னொரு விள்ளலும் எடுத்தாள். ருசி அபாரம் என்கிறாளே என்று நானும் வாயில் போட்டேன். உண்மையாகவே அபாரம். நெய்யும் கித்துளும் நாக்கில் மெல்லக் கரைந்தன. ஆனால் மைசூர்பாகு என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். புஷ்பா அதை ஒரு டின்னில் போட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

மாலையில் தாரணியும் மாப்பிள்ளை தினேஷும் வந்தார்கள். நல்ல பிள்ளை, அதிகம் பேசவில்லை. காதில் வெள்ளையாக ஒன்றைச் செருகிக்கொண்டு மழையையே பார்த்தபடி இருந்தார். புஷ்பா என்னை அடுப்படிக்கு இழுத்தாள். "மாப்பிள்ள மொகத்தப் பாருங்கக்கா. மைசூர்பாகு இல்லன்னு கோவமோ?" புஷ்பாவின் கணவர் செல்வம், வீட்டைக் கலகலப்பாக்க நினைத்து, தன் புது ப்ளூடூத் ஸ்பீக்கரை மாப்பிள்ளையின் போனோடு இணைத்து இரண்டு பக்திப் பாட்டுப் போட்டார். பிறகு எல்லாரும் தூங்கப் போனோம்.

விடியற்காலை. மாப்பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைத்தாயிற்று. அவர் காதில் பாட்டும் கையில் போனுமாக மூலையில் காத்திருந்தார். செல்வம் ஸ்பீக்கரின் சுவிட்சைத் தட்டினார். அதற்கு நேற்றுப் பழகிய போன் நினைவிருந்தது. 'நீ இல்லாத வாழ்வு எதற்கு, மண்ணே என்னை மூடிவிடு' என்கிற பாணியில் ஒரு குரல், லயத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி அழுதது. வெடி கொளுத்தப் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். எண்ணெய் வழிய மாப்பிள்ளை போனில் எதையெதையோ அமுக்க, சத்தம் இன்னும் கூடியது.

புஷ்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "யாரு தாரணி அந்தப் புள்ள? இவரு யார நெனச்சு அழுறாரு?"

தாரணி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அம்மா! இவரு மனசு குளுந்தாத்தான் சோகப் பாட்டுக் கேப்பாரு. எங்கூடச் சண்டைன்னா குத்துப் பாட்டு. நேத்துலருந்து பாருங்க, ஒரே ஒப்பாரி. அம்புட்டுச் சந்தோசம்!"

மாப்பிள்ளை வெட்கத்தோடு தலையாட்டினார். லயமே சிரித்தது. இந்தக் கலவரத்தில் அரிசி எடுக்கப் போன தாரணி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்த டின்னோடு திரும்பி வந்தாள். புஷ்பா தடுப்பதற்குள் மாப்பிள்ளை ஒரு துண்டைத் தின்று, அடுத்ததையும் எடுத்துவிட்டார்.

"இது என்னங்க அத்த?"

புஷ்பா தரையைப் பார்த்தாள். "மைசூர்பாகுங்க மாப்பிள்ள" என்றாள், அடுப்புக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"எங்கம்மா செய்யிறத செவுத்துல அடிச்சா செவுருதான் ஒடையும். இது வாயில வெக்க முந்தியே போயிருதே!" என்றவர், சும்மா இருக்காமல் படம் பிடித்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினார். 'அத்தை செய்த மைசூர்பாகு' என்று எழுதியும் விட்டார். "ஐயையோ, அழிச்சிருங்க!" என்று புஷ்பா கும்பிட்டாள். சிக்னல் இருப்பது மேலே தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில்தான். அதை அழிக்க அவர் குளித்து, உடுத்தி, அங்கே ஏறுவதற்குள் படம் எப்படியோ தானே போய்ச் சேர்ந்திருந்தது. சம்பந்தியம்மாவிடமிருந்து ஒரே வரிதான் வந்தது: கொண்டு வா.

மறுநாள் நாங்கள் மூவரும் ஒன்றாகத்தான் கேகாலைக்குப் பஸ் ஏறினோம். டின் தாரணி மடியில். மாப்பிள்ளை காதில் ஒருத்தி அழுதுகொண்டிருக்க, இவர் முகமெல்லாம் நிம்மதி. கொழும்பு பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் நானும் அவர்களோடு கடைக்குப் போனேன். இல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

சம்பந்தியம்மா டின்னைத் திறந்து மோந்து பார்த்தார். ஒரு துண்டைக் கடித்தார். கதிரையில் உட்கார்ந்து, முழுதையும் தின்று முடித்துவிட்டு, விரலையும் சுத்தம் செய்தபின் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். முதல் மணியிலேயே புஷ்பா எடுத்தாள். பின்னால் மழைச் சத்தம். எங்களை அனுப்பியதிலிருந்து தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் குடையோடு நின்றிருக்கிறாள்.

"சம்பந்தி, எவ்வளவு சீனி போட்டீங்க?"

"சீனியே போடலிங்க. சக்கர. ரெண்டு கப்பு."

"நானும் இருவத்தஞ்சு வருசமா செய்யிறேன், இப்படி ஒரு நாளும் வரலியே. அடுத்த தீவாளிக்கி இங்க வந்து எனக்குக் காட்டிக் குடுங்க." இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டே கேட்டார்: "ஆமா, இதுக்கு என்ன பேரு சம்பந்தி?"

நான் போனுக்குப் பக்கத்தில் நகர்ந்தேன். மழைச் சத்தத்தையும் மீறி, கடை முழுக்கக் கேட்கும்படி புஷ்பா சொன்னாள்:

"மைசூர்பாகுங்க!"