கல்லெறிந்த கைகள்

குடியிருப்போர் சங்கத் தலைவர் எதிர்வீட்டுக்காரர் மேல் எழுதிய புகார்த் தாளை என் முன் வைத்து, முத்திரை குத்த மைப்பெட்டியைத் திறந்ததும், அந்த வாசனை என்னைச் சிறுவயதில் நாங்கள் இருந்த கல்மண்டபத்து வீட்டுக்கு இழுத்துப் போனது.

அன்று தெருத் தலைவர் அப்பாவிடம் ஒரு தாளை நீட்டினார். பக்கத்து வீட்டு தாஸ் மாமா மாதா கோயில் உண்டியலை உடைத்ததை அப்பா பார்த்ததாக அதில் எழுதியிருந்தது. தலைவருக்கு மாமாவின் வீட்டின் மேல் கண்.

அம்மா வாசித்துவிட்டுச் சொன்னாள்: "பைபிள்ல நாபோத்தோட தோட்டத்துக்கு ஆசப்பட்டவன் ராஜா. பொய் சொல்லி, அவன கல்லால அடிச்சிக் கொன்னது ஊர்க்காரங்க. நீ இன்னாத்துக்கு ரேகை வெக்கிற?"

"தலைவரே சொல்றாரு. பாவம் அவருக்குத்தான்," என்று அப்பா கட்டைவிரலை அழுத்தினார்.

மாமா குடும்பம் வீட்டை விட்டு மணலி புதுநகர் போனது. அதன்பின் அப்பா கோயில் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எழுந்ததே இல்லை.

"சும்மா கையெழுத்துப் போடும்மா," என்றார் சங்கத் தலைவர்.

"முழுசா படிச்சிட்டுத் தரேன்," என்றேன். அவர் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.