உள்ளே விடும் துணி

தெருவில் அவனை யாரும் டெய்லர் என்று கூப்பிடுவதில்லை. பிசிறு என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்தில் முன்னால் நிற்பவரின் காலரிலிருந்து ஒரு நூல் தொங்கினால் போதும், அவனுக்கு இருப்புக்கொள்ளாது. இறங்குவதற்குள் அதைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். ஒருமுறை வங்கி வரிசையில் ஒரு போலீஸ்காரரின் தோளிலிருந்து நூலை இழுக்கப்போக, அவர் சட்டென்று திரும்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், பிசிறு" என்றான். அன்றைக்கு முழுக்க அவன் வாயிலிருந்து வந்த பேச்சே அவ்வளவுதான். கூடப் போயிருந்த டீக்கடைக்காரர் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

பேச்சுதான் குறைவு. வேலை சுத்தம். "நாளைக்கு வாங்க" என்பது தையல்காரர்கள் ஊசியோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளும் வாக்கியம். அவன் கடையில் அதைக் கேட்கவே முடியாது. எதிர்க்கடையில் நாள் முழுக்கக் கேட்கும். அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து தைத்தார்கள். அவர் ரேடியோ இல்லாமல் ஊசியில் நூல் கோக்க மாட்டார். அதனால் அந்த அக்கா அளவெடுக்கும்போது ரேடியோவுக்கும் மேலே கத்திச் சொல்லுவாள், அவர் எழுதிக்கொள்வார். தெருவில் பாதிப் பேருடைய இடுப்பளவு மீதிப் பேருக்குத் தெரிந்திருந்தது இப்படித்தான்.

அவன் மனைவி கடைவீதியில் உள்ள பெரிய கடையொன்றில் பில் போடுகிறவள். சீருடைச் சட்டையின் கையைக் குறைக்கத்தான் முதலில் அவனிடம் வந்தாள். அவள் பேசினாள், அவன் கேட்டான். மறுபடி வந்தாள். "நாலாவது தடவை குறைக்கணும்னா சட்டையில கையே மிச்சமிருக்காது. அதான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்" என்று அந்தக் கதையை இன்றைக்கும் சொல்லுவாள். பக்கத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான்.

இப்போது அவளுக்கு ஆறாம் மாதம். கீழே கடை, மேலே அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறை. நடுவில் குறுகலான படி. அவளை அந்தப் படியில் ஒரு வாளி தூக்க விட்டதில்லை. எண்ணெய் காயும் வாசனை அவளுக்கு ஆகவில்லை என்று தெரிந்ததும், அவள் எழுவதற்கு முன்பே ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துச் சமைத்துவிடுவான். துவைப்பது, காயப்போடுவது, மடிப்பது எல்லாம் அவன்தான். சாயங்காலம் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிகள் வரும் பக்கமாகத் தான் நடந்து கூட்டிவருவான். வந்ததும் வீங்கிய பாதங்களைப் பிடித்துவிடுவான். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் கணவன்மாரிடம் அவனைக் காட்டிப் பேசியதில், அந்தக் கணவன்மார் யாருக்கும் அவனைப் பிடிக்காமல் போயிருந்தது.

இவ்வளவும் செய்தான். ஆனால் அவள் வயிற்றை நேராகப் பார்க்கமாட்டான். தட்டை நீட்டும்போது தோளைப் பார்ப்பான், பேசும்போது நெற்றியைப் பார்ப்பான். குழந்தை என்ற சொல்லோ மாதக் கணக்கோ அவன் வாயில் வந்ததே இல்லை. பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போவான். உள்ளே கூப்பிட்டதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான். "வீட்டுக்காரர் வரலையா?" என்று டாக்டரம்மா கேட்டால், "வந்திருக்காரு, வெளிய இருக்காரு" என்று அவள் சொல்லவேண்டியிருக்கும்.

அப்புறம் அந்தச் சட்டை. அவள் வேலை செய்யும் கடையில் கொடுத்திருந்தது இரண்டே சீருடைச் சட்டை, சாம்பல் நிறம். ஐந்தாம் மாதத்திலேயே கீழ்ப் பொத்தான்கள் எட்டவில்லை. "இதைக் கொஞ்சம் பிரிச்சு விடுங்களேன்" என்றாள். அவன் தலையாட்டினான். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டாள்.

"நாளைக்குப் பண்ணித் தர்றேன்" என்றான்.

அவன் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டு அவள் ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு மூன்றாம் தடவை கேட்கவில்லை. பொத்தான் இருந்த இடத்தில் ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். டெய்லர் பெண்டாட்டி சட்டையில் ஊக்கு. கடையில் கூட வேலை செய்கிறவர்கள் இதை விடுவார்களா? தினம் ஒரு கேலி. அவள் சிரித்துச் சமாளித்தாள்.

போன வருடம் இப்படி இல்லை. போன வருடம் செய்தி தெரிந்த வாரமே இரண்டு சட்டையையும் பக்கவாட்டில் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணி முழுவதையும் வெளியே எடுத்துத் தைத்துக் கொடுத்திருந்தான். "இதுக்குள்ள ரெண்டு பேர் போகலாம்" என்று அவள் சொன்னதற்கு, "ரெண்டு பேர்தானே" என்று பதில்கூடச் சொன்னான். உள்ளங்கை அகலத்தில் ஒரு குல்லாயும் தைத்தான். பிறகு ஒரு காலை அவளுக்கு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் அவளை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நாலாம் மாதத்தோடு அது முடிந்துபோனது. உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, சிலருக்கு இப்படி ஆகும், என்று டாக்டரம்மா இரண்டு பேரிடமும் சொன்னார். அவள் அதை நம்பினாள். அவனும் மேலுக்கு நம்பினான். சகுனம் பார்க்கிற ஆளில்லை அவன். ஆனாலும் கத்தரி எடுத்துத் துணியில் வைக்கும்போதெல்லாம், அவசரப்பட்டுவிட்டோமோ என்று ஒன்று விரலுக்குள் முள்ளாக இருந்துகொண்டே இருந்தது.

அன்றைக்கு மதியம் அவள் சீக்கிரமே வேலையிலிருந்து வந்துவிட்டாள். அவன் ஒரு கால்சட்டைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தவன், தெருமுனையில் அவளைப் பார்த்துவிட்டு எழுந்தான். பையை வாங்கக் கையைக்கூட நீட்டிவிட்டான். அவள் அவன் கடை வாசலுக்கு வந்தாள். அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்து, நிதானமாகத் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் போனாள்.

டீக்கடையில் நின்றிருந்த நாலு பேர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்கள்.

எதிர்க்கடையின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்தது. அவள் பையிலிருந்து இன்னொரு சீருடைச் சட்டையை எடுத்துக் கொடுப்பது, எதிர்க்கடை அக்கா ஏதோ கேட்பது, இவள் உதட்டைப் பிதுக்குவது, அக்கா கழுத்திலிருந்து டேப்பை உருவுவது. மனைவி கைகளை லேசாகத் தூக்கினாள். டேப் அவளைச் சுற்றி வந்தது. வழக்கம்போல ரேடியோவுக்கும் மேலே குரல் எழுந்தது.

"வயிறு, முப்பத்தேழு."

அந்த எண் தெருவைக் கடந்து வந்து அவன் மெஷின் மேல் விழுந்தது. அவள் அளவு அவனுக்கு மனப்பாடம். முப்பது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே முப்பது. முப்பதுக்கும் முப்பத்தேழுக்கும் நடுவில் உள்ள ஏழு அங்குலமும் அவன் இருக்கும் அறையில், அவன் படுக்கும் பாய்க்குப் பக்கத்தில்தான் வளர்ந்திருக்கின்றன. அவன் பார்க்கவில்லை. முதலில் தெரிந்துகொண்டது ரேடியோக்காரர், இரண்டாவது டீக்கடை.

"என்ன பிசிறு, உன் கஸ்டமரைத் தூக்கிட்டாங்க போல" என்றார் டீக்கடைக்காரர்.

"அவன் ரேட்டு கட்டுபடியாகலையோ என்னமோ" என்றது இன்னொரு குரல்.

அவன் உட்கார்ந்தான். கால் மிதியில் இருந்தது, மிதிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடைக் கதவு திறந்தது. அக்கா ஒரு பக்கம் பிரித்த சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வேகவேகமாகத் தெருவைக் கடந்து வந்தாள். பின்னால் அவன் மனைவி. அக்கா முகத்தில் கேலி இல்லை. வேலை தெரிந்தவளுக்கு மட்டமான வேலையைப் பார்த்தால் வரும் கோபம்தான் இருந்தது.

"தம்பி, இங்க பாரு. இதை எந்த ஆளு தைச்சது? பிரிச்சா உள்ள துணியே இல்ல. ஒட்ட வெட்டி எடுத்திருக்கான். பொம்பளைங்க சட்டையில உள்ள துணி விடணும்னுகூடவா தெரியாது? நான் எதை எடுத்து விடுறது, காத்தையா?"

அவன் சட்டையை வாங்கினான். ஓரத்தை விரலால் தடவினான். தடவிப் பார்க்காமலே அவனுக்குத் தெரியும்.

"நான்தான்கா."

"நீயா?" அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். இது தன் கணக்கில் வராத விஷயம் என்று புரிந்திருக்க வேண்டும். "அடுப்புல பால் வெச்சேன்" என்று, கடையில் அடுப்பே இல்லாதவள், சொல்லிவிட்டுப் போனாள்.

மனைவி வாடிக்கையாளர்கள் உட்காரும் முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"எப்ப வெட்டினீங்க?"

"நீ ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னைக்கு. மேல தூங்கிட்டிருந்த." அவன் சட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பழைய அளவுக்குப் பிடிச்சுத் தைச்சேன். உள்ள துணி கனமா மடிஞ்சு நின்னுச்சு. போடும்போது உன் விரல்ல தட்டுப்படும். தட்டுப்பட்டா ஞாபகம் வரும். அதான் வெட்டிட்டேன்."

அவள் கையை நீட்டி அந்த ஓரத்தைத் தொட்டாள்.

"எனக்கு ஞாபகம் வரக்கூடாதுன்னு."

"ஆமா."

"மறுபடி வேலைக்குப் போகலாம்னு சட்டையை எடுத்தேன். கரெக்டா இருந்துச்சு. ஒரு சுருக்கம் இல்ல. ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துச்சு. நான்தான் ஏதோ கனவு கண்டேனோன்னு நெனச்சேன். உங்ககிட்டயாவது கேக்கலாம்னா நீங்க வாயே தெறக்கல." அவள் குரல் உயரவில்லை. பில் போடும்போது வரும் நிதானத்திலேயே பேசினாள். "இந்தத் தடவையும் அப்படித்தான் இருக்கீங்க. தண்ணி தூக்குறீங்க, சமைக்கிறீங்க, காலைப் பிடிச்சு விடுறீங்க. எல்லாரும் என்னைப் பாத்துப் பொறாமைப்படுறாங்க. ஆனா காலுக்கு மேல எதுவும் இல்லாத மாதிரியே நடந்துக்கிறீங்க."

"பயமா இருக்கு" என்றான்.

"எனக்கு மட்டும்? நீங்க பயந்தா தள்ளி நின்னுக்கலாம். சரி. நான் எங்க போய்த் தள்ளி நிக்கிறது, சொல்லுங்க. இது என் மேலயே இருக்கு."

 வெளியே ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளும் அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தான். மூடிய வாய்க்கு உள்ளே அவன் மட்டும் இருந்திருக்கிறான், அவள் தனியாக வெளியே நின்றிருக்கிறாள். எழுந்துபோய்க் கதவின் திரையை இழுத்துவிட்டான். டீக்கடையில் யாரோ 'அட' என்றது கேட்டது. கழுத்திலிருந்து டேப்பை எடுத்தான்.

"நேரா நில்லுங்க" என்றான்.

வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய மரியாதை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே இருந்ததால் எது முதலில் வந்தது என்று சொல்ல முடியவில்லை.

"நிக்கிறேங்க" என்று எழுந்தாள்.

டேப்பை அவள் முதுகுப் பக்கமாகக் கொடுத்து முன்னால் கொண்டுவந்தான்.  அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். "இழுத்துக்காதே. இருக்கிற மாதிரி இரு" என்றான். அவள் விட்டாள். வயிறு அவன் விரல்களின் மேல் வந்து அமர்ந்தது. அவன் பார்த்தான். நெற்றியை இல்லை, தோளை இல்லை. ரொம்ப நேரம் பார்த்தான். எண்ணைப் படிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

"முப்பத்தேழரை" என்றான். "அவங்க டேப் பழசு. இழுபட்டிருக்கும்."

"ஊர்ல உங்க டேப் ஒண்ணுதான் ஒழுங்கு."

சாம்பல் துணி கையில் இல்லை. அலமாரியைக் குடைந்து கருநீலத்தில் ஒரு துண்டை எடுத்தான். பக்கவாட்டில் இரண்டு பக்கமும் பட்டி வைத்துத்தான் சேர்க்கவேண்டும்.

"நெறம் வேறயா இருக்கும். சூப்பர்வைசர் கேப்பாங்களா?"

"கேட்டா, ஊக்கு குத்திட்டு வந்தப்ப எங்க போயிருந்தீங்கன்னு நான் கேப்பேன்."

அவன் துணியை மேசையில் விரித்துச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டான். போட்ட கோட்டைத் தாண்டிக் கத்தரியை வைத்தான். அவள் எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு இவ்வளவு அகலம்? கூடாரமா கட்டப்போறீங்க?"

"உள்ள மடிச்சு விடுறேன். அப்பப்போ பிரிச்சுக்கலாம்." கத்தரி துணிக்குள் நிற்க, அவன் கொஞ்சம் தயங்கினான். "ஒம்போதாம் மாசம் வரைக்கும் வரணுமே."

 செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கத்தரி துணியை வெட்டிக்கொண்டு போகும் சத்தம் கடைசிவரை ஒரே சீராக வந்தது.

பட்டியைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக் குண்டூசி குத்த ஆரம்பித்தான். நாலைந்து ஊசி உதட்டில் இருந்தது.

"வர்ற வாரம் பரிசோதனை இருக்கு" என்றாள். "வெளிய பெஞ்சுல உக்காரப் போறீங்களா?"

அவன் ஏதோ சொன்னான்.

"ஊசியை எடுத்துட்டுச் சொல்லுங்க. எனக்கு நல்லா கேக்கணும்."

ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தான்.

"உள்ள வர்றேன்" என்றான்.