உறை பிரிக்காத குதிரை

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் ஓர் அறிமுகக் கூட்டம் வைத்தார்கள். இங்கே வருவதற்கு முன்னால் உங்களை உருவாக்கிய அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் பேராசிரியை. ஒருத்தி கபடி ஆடியதைச் சொன்னாள், இன்னொருத்தி மலையேறியதைச் சொன்னாள். நான் எட்டாம் வகுப்பில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டேன். பரிசு வாங்கியது நிஜம்தான். ஆனால் என்னை உருவாக்கிய பேச்சு அதுவல்ல. அது நாலே வார்த்தை, ஐந்து வயதில், ஆங்கிலத்தில் பேசியது.

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அங்கேயே சூப்பர்வைசர். அம்மாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எனக்குத் தம்பி பிறந்து நாலாவது மாதமே அம்மா வேலைக்குத் திரும்பிவிட்டாள். பகலெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா அவனுக்குப் புட்டிப்பால் கொடுப்பார். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் அம்மா, நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கோட்டின் முன்பக்கம் எப்போதும் ஈரமாக இருக்கும். வேர்வை என்று நினைத்துக்கொள்வேன். என்னை ஏறிட்டும் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை.

கம்பெனி ஷூக்கள் வெளிநாட்டுக்குப் போகும். வாங்குகிறவர்கள் அவ்வப்போது ஆடிட்டுக்கு, அதாவது கம்பெனி விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க, ஆள் அனுப்புவார்கள். வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். கம்பெனியில் அறை இருந்தது, பிள்ளைகள்தான் இல்லை. மாமா அதற்கும் வழி கண்டுபிடித்தார். ஆடிட் அன்று காலையில் ஷேர் ஆட்டோவோடு எங்கள் தெருவுக்கு வந்து ஏழெட்டுப் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொள்வார். எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குத் தகவல் போகும். தம்பி என் மடியில் வருவான்.

"பொம்மைய தொட்டுப் பாக்கலாம். கவர மட்டும் பிரிக்கக் கூடாது. பிரிச்சிட்டா அடுத்த வாட்டிக்கு இன்னா பண்றது?" என்று வழியெல்லாம் பாடம் நடத்துவார்.

அந்த அறை எனக்குச் சொர்க்கம். சுவரில் முயல் படம், புதுப் பாய், பிஸ்கட், பிளாஸ்டிக் உறை போட்ட ஆடும் குதிரை. உறைக்கு மேலேயே ஏறி ஆடுவோம், சரசரவென்று சத்தம் வரும். தேநீர் இடைவேளையில் கைக்குழந்தைக்காரிகள் வந்து பால் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதுவும் மாமாவின் ஏற்பாடுதான், பார்ப்பவர்களுக்கு நன்றாக இருக்குமாம். அம்மா ஓடி வருவாள். தம்பியை மடியில் போட்டதும் அவள் கண் கலங்கிவிடும். அம்மா எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.

ஒருநாள் அம்மா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க அப்பாவோடு கம்பெனிக்குப் போனேன். அந்த அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். முயலின் ஒரு காது மட்டும் தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாய் எங்கே, குதிரை எங்கே? வெள்ளைக்காரர்கள் வரும்போது கையோடு கொண்டுவருகிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அடுத்த ஆடிட்டுக்கு வந்தவர் தலை நரைத்த ஓர் அம்மாள். அவர் என் எதிரில் மண்டியிட்டு, தினமும் இங்கே வருவாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பள்ளியில் படித்த 'கம்', 'டெய்லி' இரண்டும் எனக்குப் புரிந்துவிட்டதால், மொழிபெயர்க்க மாமா வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். குதிரை கொண்டுவருகிறவருக்கு நன்றி சொல்ல வேண்டாமா? இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, அவரையும் என்னையும் விரலால் காட்டிச் சொன்னேன்: "யூ கம், ஐ கம்."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் குதிரையின் உறையை விரலால் தடவிப் பார்த்தார். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. பால் கொடுத்துக்கொண்டிருந்த இன்னொருத்தி குழந்தையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அம்மா மட்டும் எழவில்லை. குனிந்த தலை நிமிராமல், தம்பியை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். பாராட்ட வருகிறார் என்று நான் எழுந்து நின்றேன். "இன்னாடி சொன்ன அந்தம்மாகிட்ட?" என்று கையை ஓங்கினார். ஆடிப்போய்விட்டேன். அதுவரை அவர் என்னை அதட்டியதுகூட இல்லை.

அம்மா குறுக்கே வந்தாள். "வுடுடா. அது இன்னா பொய்யா சொல்லிச்சி?"

மாமாவுக்கு வேலை போயிற்று. அந்த அறை இரண்டே மாதத்தில் உண்மையாகவே திறந்தது. பிள்ளைகளைப் பார்க்க ஆள் போட்டார்கள், குதிரையின் உறையைப் பிரித்தார்களாம். அதற்குள் அம்மாவை வாணியம்பாடிப் பக்கம் இருந்த யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அப்படி ஓர் அறை கிடையாது, பேருக்குக்கூட.

இத்தனை வருடமும் இதை நான் ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லித் திரிந்தேன். கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா என் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எல்லோரும் வெலவெலத்துப் போனார்களே, நீ மட்டும் ஏன் அசையாமல் உட்கார்ந்திருந்தாய், நான் பேசியது காதில் விழவில்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"விழாம இன்னா? இங்கிலீஷு புரியலன்னாலும் உங்க மாமா மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிப்போச்சி, இனிமே பகல்ல இவனுக்குப் பால் குடுக்க முடியாதுன்னு." ஒரு சுடிதாரை மடித்து உள்ளே வைத்தாள். "அவன் பாதிதான்டி குடிச்சிருந்தான்."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நீலக் கோட்டின் ஈரம் வேர்வை அல்ல, பால் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கு அந்த அறையில் எனக்கு இருந்த வருத்தம் ஒன்றே ஒன்றுதான். அவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசியும் அம்மா என்னைத் தலை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.