இடது பக்கத்தில் யாரும் இல்லை

எங்கள் லாரி உரிமையாளர் சங்கத்தில் நான் ஒருத்திதான் பெண். என் இரண்டு டிப்பர்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இன்றும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் இல்லியா?" என்று கேட்பார்கள். அதனால் கூட்டங்களில் கொஞ்சம் சத்தமாகவே பேசிப் பழகிவிட்டேன்.

கல்லும் மண்ணும் ஏற்றுகிற எல்லா டிப்பருக்கும் முன்மூலையில் நிற்கிறவரைக் காட்டுகிற ஒரு கண்ணாடியும் இடது பக்கம் ஒரு கேமராவும் கட்டாயம் என்று அரசு விதி போட வேண்டும், அதை நாமே போய்க் கேட்க வேண்டும் என்றேன். "நம்ம தலையில நாமளே சட்டத்தத் தூக்கி வைக்கவா?" என்றார் ஒருவர். "ஆளு மேல ஏறுறது நம்ம வண்டிதான அண்ணே?" என்றேன். எரிச்சலில் சொன்னதுதான். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்கள்.

என் டிரைவரின் கதை எல்லாருக்கும் தெரியும். முந்தின வருடம் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு திருப்பத்தில் அவர் வண்டியை இடது பக்கம் ஒடித்தபோது, ஒட்டி நின்ற சைக்கிள்காரர் சக்கரத்தில் மாட்டி இறந்துபோனார். "கண்ணாடியில பாத்தேன். அங்க யாரும் இல்ல." போலீசிடமும் இதைத்தான் சொன்னார், ஊராரிடமும் இதைத்தான் சொன்னார். இறந்தவரின் மனைவி நம்பவில்லை. "அவ்வளவு பெரிய ஆளு கண்ணுக்குத் தெரியாதோ?" என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர், பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் தன்னை நம்ப வேண்டும் என்பது ஒன்றுதான் டிரைவருக்கு வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

அதிகாரிகளுக்குச் செய்து காட்டுவதற்காக இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு மைதானத்தில் என் டிப்பரை நிறுத்தினோம். நான் வீட்டுக்கே போய் அழைத்ததால் அந்தப் பெண்ணும் வந்திருந்தார்; டிரைவரும் ஓரமாக நின்றிருந்தார். உச்சி வெயில். சங்கத்து ஆட்களை வண்டியின் இடது முன்மூலையை ஒட்டி நிற்கச் சொல்லிவிட்டு, முதலில் நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

மைதானம் காலியாக இருந்தது. கண்ணாடியில் வெளுத்த மணல், தூரத்தில் தென்னைகள், அவ்வளவுதான். சற்று முன்வரை என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனிதர்களைக் காணோம். யாரோ தும்மினார். ஆளில்லாத இடத்திலிருந்து சிரிப்பு எழுந்தது. நானே ஏற்பாடு செய்த காரியம்தான், ஆனாலும் என்னால் சீட்டில் உட்கார முடியவில்லை. அவசரமாக இறங்கிப் போய், ஆட்கள் நிற்கிறார்களா என்று பார்த்தேன். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அதிகாரிகளும் ஏறிப் பார்த்தார்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், மேலே அனுப்புகிறோம் என்றார்கள். அப்போது அந்தப் பெண், "நானும் ஏறணும்" என்றார். சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்துப் படியில் தொற்றி நின்றேன். எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "அவன அங்க நிக்கச் சொல்லுங்க" என்றார். அப்போதும் டிரைவரிடம் நேராகச் சொல்லவில்லை.

டிரைவர் முன்னாலிருந்து வண்டியை நோக்கி நடந்து வந்தார். நெருங்க நெருங்க முதலில் கால் மறைந்தது, பிறகு மார்பு, கழுத்து. கடைசியில் தலையும் போய்விட்டது.

"அக்கா, நான் இங்கதான் நிக்கேன்." குரல் மட்டும் வந்தது.

அந்தப் பெண் இடது பக்கக் கண்ணாடியை வெறித்துக்கொண்டே கேட்டார். "இதுமாதிரி எங்க வீட்டு அவியளும் சத்தம்போட்டு விளிச்சிருப்பாவ, இல்லியா?"

"விளிச்சிருப்பாவ அக்கா. எஞ்சின் சத்தத்துல எனக்குக் கேக்கல்ல."

பிறகு சத்தமே இல்லை. கண்ணாடியில் மணல் மட்டும் கிடந்தது. வண்டி நகர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சாவி என் கையில்தான் இருந்தது, இருந்தும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் சீட்டைவிட்டு எழுந்து இடது ஜன்னல் பக்கம் எக்கினார்.

"மக்கா, அங்கதான நிக்கிய?" என்று அலறினார். "சத்தம் குடு மக்கா, சத்தம் குடு!"