பார்க்காத புண்

என் நாத்தனாருக்கு எங்கள் பகுதியில் ‘கேள்வியக்கா’ என்று பெயர். என் கணவருக்கு மூத்தவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், எங்களோடுதான் இருக்கிறார். ஒரு மருத்துவ ஆய்வுக்காக எட்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவர். அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பும் இல்லாதப்பட்டவர்களுக்கு மட்டும் ஏன் புண் இத்தனை தடவை சீழ் பிடிக்கிறது, அவர்களில் தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. தலைமை ஒரு பெண் டாக்டர். அக்கா அவருடைய களப்பணியாளர்.

ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாளும் முப்பதாம் நாளும் அக்கா நோயாளியின் வீட்டுக்குப் போவார். விரல் நுனியில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பார். புண்ணைப் பார்ப்பார். பிறகு நாற்பத்திரண்டு கேள்விகள். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வீட்டில் எத்தனை பேர் தூங்குகிறார்கள், கட்டுத்துணியை எதில் துவைக்கிறீர்கள். “பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு கேள்வி கேக்கலை” என்று ஒரு கிழவர் சொன்னதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வேலையில் கெட்டிக்காரர். ஆய்வு அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. எந்தக் களப்பணியாளரின் படிவத்தில் எத்தனை இடம் விடுபட்டிருக்கிறது என்று மாதாமாதம் அதில் எழுதுவார்கள். அக்காவின் பெயருக்கு நேரே எப்போதும் பூஜ்யம். டாக்டர் எல்லோர் முன்னாலும் கைதட்டுவார். அந்தப் பூஜ்யம் அக்காவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோய், ஜெராக்ஸ் கடையில் பதினாறு வருடம் மற்றவர்களுடைய சான்றிதழ்களை நகலெடுத்துக் கொடுத்தவர் அவர்.

ஆண் நோயாளிகளின் வீட்டுக்கு அக்காவோடு ஒரு டிரஸ்ஸரும் போவார். மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். இடுப்புக்குக் கீழே ஆபரேஷன் என்றால் அவர் உள்ளே போய்ப் பார்த்துச் சொல்வார், அக்கா எழுதிக்கொள்வார். அந்த வருடம் டிரஸ்ஸரின் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி அவர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். மாற்று ஆள் வரவில்லை. துணைக்கு ஆள் இல்லாவிட்டால் படிவத்தில் ‘பார்க்கவில்லை’ என்று குறித்துவிட்டு, மறுநாளே வார்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது விதி. ‘பார்க்கவில்லை’ என்று குறித்தால் பலகையில் ஒன்று ஏறும்.

அந்த நாட்களில்தான் இஸ்திரிக்காரரைப் பார்க்கப் போனார்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு சலவைக்கடையின் பின்கட்டில் முப்பது வருடமாகத் துணி தேய்த்துக்கொண்டிருந்தவர். கனத்த பெட்டியைத் தூக்கித் தூக்கி அடிவயிற்றில் குடல் இறங்கி, கவட்டுப் பக்கத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பத்தாம் நாள் வீட்டில் இருப்பார் என்று போனால், அவர் கடையில் இருந்தார். மேசையோரம் ஒரு முக்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்து, காலரை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, ஒரு மாசம் பெட்டியைத் தொடக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?”

“தூக்கலைம்மா. நகத்துறேன். தூக்குறது வேற, நகத்துறது வேற.”

அக்கா சிரித்துவிட்டார். விரலைக் குத்திப் பார்த்தார். கருவி முந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. அதுவரை அவருக்குச் சர்க்கரை இருப்பது அவருக்கும் தெரியாது, மருத்துவமனைக்கும் தெரியாது.

“அண்ணே, இது ரொம்ப அதிகம். புண்ணு எப்படி இருக்கு?”

“காஞ்சுபோச்சு. நல்லாருக்கு.”

“கசியுதா? வலி?”

“அதெல்லாம் இல்லைம்மா.” அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. “அங்கெல்லாம் ஒரு பொம்பளைப் புள்ளைகிட்ட எப்படிக் காட்டுறது? விடு. நல்லாத்தான் இருக்கு.”

கஞ்சி போட்ட துணியின் வாசனைக்கும் சூட்டு வாசனைக்கும் அடியில் வேறொரு வாடை இருந்ததாம். எட்டு வருட வேலையில் அந்த வாடை என்னவென்று அக்காவின் மூக்குக்குத் தெரியும். வெளியே சாக்கடை ஓடுகிறது, அதுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவர் கூச்சப்பட்டார், இவரும் கூச்சப்பட்டார். ‘புண்ணை நேரில் பார்த்தீர்களா’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று டிக் அடித்தார். அடுத்த வரியில் ‘உலர்ந்திருக்கிறது’ என்று எழுதினார்.

சர்க்கரை ஏறியிருந்து புண்ணும் கசிந்தால் அன்றைக்கே வண்டி வைத்து ஆளை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். புண் உலர்ந்திருந்தால் திங்கட்கிழமை வெளிநோயாளிப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். அக்கா சீட்டு எழுதிக் கொடுத்தார். அது வியாழக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பேச்சு மூச்சில்லாமல் கிடந்திருக்கிறார். மருத்துவமனையில் புண்ணைத் திறந்தபோது தொடை வரைக்கும் சதை அழுகிப்போயிருந்தது. வெட்டி எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். புதன்கிழமை இறந்துபோனார்.

அக்கா சாவுக்குப் போய் வந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தெரிந்தவர், அந்த வருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு கேள்வி கேட்கிறவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஐந்து மாதம் கழித்து, ஆய்வின் முடிவுகளைத் தொகுக்க ஒரு கூட்டம் நடந்தது. திரையில் படம் போட்டு டாக்டர் விளக்கிக்கொண்டு வந்தார். சர்க்கரை உள்ள சிலருக்குப் பத்தாம் நாள் வரை உலர்ந்திருந்த புண் அடுத்த சில நாட்களிலேயே மோசமாகிவிடுகிறது. ஒருவர் மூன்றே நாளில் மயங்கி, ஒரு வாரத்துக்குள் இறந்தே போயிருக்கிறார். அப்படியென்றால் பத்தாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதில் பெரிய பலன் இல்லை. அந்த நேரத்தையும் ஆட்களையும் வேறு எதற்காவது பயன்படுத்தலாம்.

“இவ்வளவு உறுதியா இதைச் சொல்ல முடியுதுன்னா காரணம் இவங்கதான்” என்று டாக்டர் அக்காவைக் காட்டினார். “ஒரு படிவத்துலகூட விடுபட்ட இடம் இல்லை.” எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்காவும் எழுந்து கைகூப்பினார். அதைச் சொல்லும்போதுதான் என்னிடம் முதல் முறையாக அழுதார். “எந்திரிச்சுக் கும்பிட்டேன்டி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கும்பிட்டேன்.”

அவர் டிக் அடித்த ஒரு கட்டம் ஒரு மனிதரோடு நிற்கவில்லை. ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த மனிதரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே வழியையும் அது அடைக்கப் பார்த்தது. அது புரிந்த பிறகும் டாக்டரிடம் போய்ச் சொல்ல அக்காவுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. தினமும் அலுவலகக் கதவு வரை போவாராம். உள்ளே யாராவது இருந்தால் அப்பாடா என்று திரும்பிவிடுவாராம்.

பதின்மூன்றாம் நாள் உள்ளே யாரும் இல்லை.

“மேடம், அந்த இஸ்திரிக்காரர் புண்ணை நான் பாக்கலை.”

டாக்டர் முதலில் புரிந்துகொள்ளவில்லை. “பத்தாம் நாள் போனீங்கல்ல?”

“போனேன். பாக்கலை. அவர் நல்லாருக்குன்னாரு. நான் பாத்ததா எழுதிட்டேன்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, “எத்தனை பேர்?” என்றார்.

“டிரஸ்ஸர் இல்லாத அந்த ஏழு வாரத்துல, மொத்தம் இருபத்தி மூணு பேர்.”

“உங்க மேல எனக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்துச்சுன்னு தெரியுமா?”

“தெரியும் மேடம். அதனாலதான் எழுதினேன்.”

அந்தப் பதிலுக்கு டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் அக்கா. டாக்டர் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “நீங்க போய் உட்காருங்க, நான் கூப்பிடுறேன்” என்றார். அன்று சாயங்காலம் அந்த வெள்ளைப் பலகையை டாக்டரே கழற்றிச் சுவரோரமாகத் திருப்பி வைத்ததை அக்கா பார்த்தார்.

விசாரணை நடந்தது. இருபத்து மூன்று படிவங்களும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. மற்றவர்களை வைத்து மறுபடி கூட்டிப் பார்த்தபோது முடிவு தலைகீழாக வந்தது. பத்தாம் நாள் உண்மையாகவே புண்ணைப் பார்த்த இடங்களில், கெட்டுப்போகத் தொடங்கிய புண்களில் முக்கால்வாசி அன்றைக்கே தெரிந்திருக்கிறது. வீட்டுக்குப் போவது தொடர வேண்டும், ஆண்களுக்கு ஆண் பணியாளர் கட்டாயம் வேண்டும், வீட்டுக்கு அனுப்பும் முன் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று அறிக்கை போனது. அக்காவைக் களப்பணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான் என்று அக்காவே சொன்னார்.

குடும்பத்துக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று விசாரணைக் குழு முடிவு செய்திருந்தது. டாக்டர் தான் போவதாகச் சொன்னார். அக்கா நானும் வருகிறேன் என்றார்.

இஸ்திரிக்காரரின் மனைவி அப்போது அதே சலவைக்கடையில், அதே மேசையில் தேய்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பேசத் தொடங்கியதும் அக்கா இடைமறித்துத் தானே சொல்லி முடித்தார். அந்தம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் ஒரு சட்டையை எடுத்து உதறினார்.

“எனக்கே காட்டலைக்கா அந்த மனுசன். முப்பது வருசம் கூட இருந்தவ நான். கட்டுத்துணிய நான் பாக்குறதுக்கு முன்னாடி அவரே கொண்டுபோய்ப் போட்டுருவாரு. உங்ககிட்டயா காட்டப்போறாரு?”

அக்காவுக்கு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடலாம் போல இருந்ததாம்.

ஆனால் அந்தம்மா சட்டையை மேசையில் விரித்தபடியே மேலே சொன்னார்: “காட்டலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல நீங்க. இந்தக் கடைக்கு நாலு வீடு தள்ளி, வீட்டுலதான் இருந்தேன். அடிச்சாவது கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. டாக்டர் ஏதோ ஆறுதலாகப் பேசினார். அந்தம்மா, “சரிங்க, சரிங்க” என்று தேய்க்கத் தொடங்கிவிட்டார். காலர், தோள்பட்டை, கை. இருவரும் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார்கள்.

இப்போது அக்கா மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில், வீட்டுக்குப் போகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை எப்போது, குளிப்பது எப்போது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஆணிடமும், புண்ணை வீட்டில் யாரிடம் காட்டுவீர்கள் என்று கேட்கிறார். சிலர் மழுப்புவார்கள், சிலர் சிரிப்பார்கள். யாராவது ஒருவரைச் சொல்கிற வரைக்கும் சீட்டைக் கையில் கொடுப்பதில்லை. பின்னால் வரிசை நிற்கிறது என்று நர்ஸ் சத்தம் போட்டாலும் விடுவதில்லை.

இதனால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள் என்று ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே நான் சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

“இருக்கலாம்” என்றார் அக்கா. பிறகு, “நாலு வீடுதான்டி” என்றார். “நடந்தா ரெண்டு நிமிசம்கூட ஆகாது.”