கண்ணாடி மாதிரி ஒரு தரை

போன வாரம் முழுக்க எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் மரத்தூள். காபியில் மரத்தூள், பைபிளில் மரத்தூள், என் கணவர் ஜோசப்பின் புருவத்தில்... கேட்கவே வேண்டாம்!

விஷயம் இதுதான். மைசூரில் நாங்கள் வாங்கியது பழைய வீடு. ஹாலுக்கு மட்டும் தேக்குப் பலகைத் தரை. வாங்கும்போது பெருமையாகத்தான் இருந்தது. அதன்பிறகு தினமும் ஃபினாயில் தண்ணீரை ஊற்றித் துடைத்துத் துடைத்து, அதைப் பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி ஆக்கியது சாட்சாத் நான்தான். மரத்தரைக்குத் தண்ணீர் ஆகாதாம். யாராவது சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா? ஃபினாயில் வாசனை வராத வீடு எனக்கு வீடே இல்லை.

இந்த மாத ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். சபையிலிருந்து இருபது பேர் வந்து அந்தத் தரையில்தான் உட்கார வேண்டும். விடுவேனா? விசாரித்துப் பிடித்ததில், மண்டி மொஹல்லாவில் பட்டறை வைத்திருக்கும் சின்னராசு வந்தார். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையில் ஹனூர் பக்கம்.

“முகம் தெரியணும். கண்ணாடி மாதிரி” என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஜோசப்புக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை. “இருக்கிறதே சென்னாகிதே, நல்லாத்தானே இருக்கு, விடு லில்லி” என்றார். மறுநாள், தூசி ஒத்துக்காது என்றார். அதற்கும் மறுநாள், பாலிஷ் வாசனைக்குத் தலைவலி வரும் என்றார். நான் என்ன நினைத்தேன்? சோபாவை நகர்த்தச் சொல்லிவிடுவேனோ என்ற சோம்பேறித்தனம் — வேறென்ன! வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

தரை தேய்க்கும் மெஷின் மூன்று நாள் ஓடியது. மெஷின் எட்டாத மூலைகளை சின்னராசு உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தார். பழைய அழுக்கெல்லாம் போய், தேன் நிறத்தில் பலகை வெளியே வந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

பாலிஷ் போடும் முன் சின்னராசுவுக்கு ஒரு வழக்கம். சுவர் ஓரமாக மூன்றடிக்குப் பளபளப்பான பாலிஷ், அதை ஒட்டி மூன்றடிக்கு மினுக்காத மங்கல் பாலிஷ் — இரண்டையும் மாதிரிக்குப் போட்டுக் காயவைப்பார். வீட்டில் இருக்கிற எல்லோரும் வெறுங்காலோடு அதில் நடந்து காட்ட வேண்டும்.

“கண்ணு பாத்தா மட்டும் போதாதுங்க. காலும் சரின்னு சொல்லோணும்” என்றார்.

நான் பளபளப்பின் மேல் ராணி மாதிரி நடந்தேன். இதுதான் வேண்டும்! முடிந்தது.

“சார், நீங்களும் வாங்க.”

“நான் எதுக்குப்பா? அவளுக்குப் பிடிச்சதைப் போடு” என்று ஜோசப் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். சின்னராசு விடவில்லை. கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்தார்.

பளபளப்பில் கால் வைத்ததுமே ஜோசப்பின் கால்விரல்கள் மடங்கின. கை தானாகச் சுவரைத் தேடிப் பிடித்தது. மூன்றடியைக் கடக்க அத்தனை நேரம்! மங்கல் பக்கம் வந்தபிறகுதான் கை சுவரை விட்டது.

அவர் வாசலுக்குப் போனதும் சின்னராசு குரலைத் தணித்துக்கொண்டார். “ஏனுங்கம்மா, சார் எங்கியாச்சும் வழுக்கி உளுந்தாருங்களா? நாலு நாளா பாக்கறேன்... செவுத்தப் புடிக்காம நடக்கறதே இல்லீங்க.”

விழுந்தார்தான். மழைக்காலத்தில், பாத்ரூமில். “ஒண்ணும் ஆகலை” என்றார். எக்ஸ்ரேயும் அதையேதான் சொன்னது. நானும் அத்தோடு மறந்துவிட்டேன்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முப்பத்திநான்கு வருஷம் கூடவே இருக்கிறேன். நாலு நாள் வந்துபோன மனிதர் கண்டுபிடித்துச் சொல்கிறார். நாம் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கிறோம் — கோபமா, பசியா, பொய்யா என்று எல்லாம் கண்டுபிடிக்கிறோம். காலை யார் பார்க்கிறோம்? ‘பயமாக இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், தூசி, தலைவலி என்று சாக்குத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். நான் அதற்கும் திட்டியிருக்கிறேன்.

“மங்கலையே போட்டுடுங்க” என்றேன் சின்னராசுவிடம். ஜோசப்பிடம் காரணம் சொல்லவில்லை. “பளபளன்னு இருந்தா கண்ணு கூசுது” என்று மட்டும் சொன்னேன். சாக்குச் சொல்ல எனக்கும் தெரியாதா என்ன!

நேற்று ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்ததும் தோழி ஸ்டெல்லா தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “என்ன லில்லி, பாலிஷ் போடறவர் இன்னும் வரலையா?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து ஜோசப் வந்தார். பத்து டம்ளர் காபி வைத்த தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஹாலின் நட்ட நடுவில், விறுவிறுவென்று நடந்து வந்து அவள் முன்னால் நீட்டினார்.

“வந்துட்டுப் போயாச்சு ஸ்டெல்லா... நீ காபியை எடுத்துக்கோ!” என்றேன்.